விடுதலை மட்டும் நீதியாகுமா?



ஆயிரம் குற்றவாளிகள் தப்பித்தாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்பட்டுவிடக் கூடாது என்ற கூற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். மேடைகளிலும் நீதிமன்றங்களிலும் அது அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. ஆனால் ஒரு நிரபராதி தண்டிக்கப்பட்டுவிட்டால் அதன்பின் என்ன செய்வது என்பதைப் பற்றி அக்கூற்று எதுவும் சொல்வதில்லை. நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கின்றது.

செய்யாத குற்றத்திற்காகப் பத்தாண்டுகள் சிறையில் கிடந்த ஒருவரை மேல்நீதிமன்றம் விடுவிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் நாளிதழில் செய்தி வருகின்றது. உறவினர்கள் கண்ணீருடன் வரவேற்கின்றனர். அத்துடன் வழக்கு முடிந்துவிட்டதாக உலகம் கருதுகின்றது. உண்மையில் மூன்று கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன. தீர்ப்பில் நேர்ந்த பிழையைக் கண்டறிய இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின? அவர்மீது சுமத்தப்பட்ட களங்கத்தைத் துடைப்பவர் யார்? இழந்துபோன ஆண்டுகளுக்கு ஈடு தருபவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காதவரை விடுதலை என்பது நீதியின் ஒரு பகுதி மட்டுமே.

யூசுஃப் நபி கேட்ட விசாரணை

பொய்க் குற்றச்சாட்டினால் சிறைப்பட்டவர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நபி யூசுஃப் (அலை) அவர்கள். அவர்கள் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன பிறகு, அவர்களை அழைத்துவரும்படி அரசவையிலிருந்து தூதர் வந்தார். சிறைக்கதவு திறந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் உடனே வெளியேறியிருப்பார்கள். ஆனால் அவர்கள் வெளியேறவில்லை. தம்முடைய வழக்கை முதலில் விசாரிக்குமாறு சொல்லித் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். மன்னர் சம்பந்தப்பட்ட பெண்களை அழைத்து விசாரித்தார். யூசுஃபிடம் எந்தத் தீமையையும் தாங்கள் அறியவில்லை என்று அவர்கள் சாட்சி கூறினர். குற்றம் சாட்டியவரே உண்மையை ஒப்புக்கொண்டார். அதன் பின்னரே யூசுஃப் நபி வெளியே வந்தார்கள். நாட்டின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டார்கள்.

இந்நிகழ்ச்சியில் ஒரு வரிசை முறை இருக்கின்றது. முதலில் விசாரணை, அடுத்து களங்கம் நீக்குதல், பின்னர் விடுதலை, இறுதியாக மறுவாழ்வு. மன்னரின் கருணையால் கிடைக்கும் விடுதலையை ஏற்றுக்கொண்டிருந்தால், மன்னிக்கப்பட்ட குற்றவாளி என்ற பெயரே எஞ்சியிருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு இன்றைய நீதி அமைப்பைப் பார்ப்போம்.

பிழை எங்கே நேர்கின்றது?

தவறான தண்டனைகள் எல்லாம் நீதிபதியின் மேசையில் தோன்றுபவை அல்ல. பெரும்பாலும் அவை புலனாய்வில் தொடங்குகின்றன. மூன்று வழக்குகளைக் காண்போம்.

முதலாவது, அக்ஷர்தாம் வழக்கு. 2002 செப்டம்பர் 24 அன்று குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள அக்ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழிபட வந்த அப்பாவி மக்களைக் கொன்ற அச்செயல் மன்னிக்க முடியாத கொடுமை. தாக்கிய இருவரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 11 மாதங்களுக்குப் பின், 2003 ஆகஸ்டில், சதியில் பங்குகொண்டவர்கள் எனக் கூறி முஸ்லிம்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். 2006இல் பொடா சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களுள் மூவருக்கு மரண தண்டனை. 2010இல் குஜராத் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் அறுவரையும் விடுவித்தது.

காவல்துறையிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்குகளில் சான்றாகாது. ஆனால் பொடா சட்டம், காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்தை ஏற்க இடமளித்திருந்தது. இவ்வழக்கு பெரிதும் அத்தகைய வாக்குமூலங்களின்மீதே கட்டப்பட்டிருந்தது. உச்சநீதிமன்றம் அவற்றை நம்பத்தகாதவை என்று தள்ளியது. இன்னொரு சான்றையும் அது உற்று நோக்கியது. கொல்லப்பட்ட இருவரின் உடைகள் குண்டுகள் துளைத்துக் குருதியில் தோய்ந்திருந்தன. ஆனால் அவ்வுடைகளின் பையிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட கடிதங்களில் கறையும் இல்லை, துளையும் இல்லை. இதைக் கவனிக்க மூன்று நீதிமன்றங்களும் பதினோரு ஆண்டுகளும் தேவைப்பட்டன.

இரண்டாவது, மகாராஷ்டிர மாநிலம் நாசிக் வழக்கு. 2003இல் ஒரு குடும்பத்தினர் தாக்கப்பட்டு ஐவர் கொல்லப்பட்டனர். பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஏழைக் கூலித் தொழிலாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். 2006இல் விசாரணை நீதிமன்றம் அறுவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் மூவருக்கு அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்சநீதிமன்றமோ அம்மூவருக்கும் மீண்டும் தூக்குத் தண்டனையே விதித்தது. அறுவரில் ஒருவர் சம்பவம் நடந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவர் என்பது பின்னரே தெரியவந்தது.

2019 மார்ச் 5 அன்று அதே உச்சநீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் எனத் தீர்ப்பளித்தது. உயிர் தப்பிய முக்கியச் சாட்சி, சம்பவம் நடந்த சில நாட்களிலேயே காவல்துறை காட்டிய புகைப்படங்களிலிருந்து வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்நால்வர் குறித்து முறையான விசாரணையே நடைபெறவில்லை. நிரபராதி சிறையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உண்மைக் குற்றவாளி வெளியில் நடமாடுகின்றான். ஆகவே பொய்த் தண்டனையால் அநீதி இழைக்கப்படுவது ஒருவருக்கு மட்டுமன்று. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பத்திற்கும் அது துரோகமேயாகும்.

மூன்றாவது வழக்கு நம் தமிழகத்திலேயே நடந்தது. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் கொலை செய்யப்பட்டனர். 2018இல் விசாரணை நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. மரபணுச் சோதனைக்கான மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றன, இடையில் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதற்கு முறையான பதிவு இல்லை. சோதனை அறிவியல் பூர்வமானதாக இருக்கலாம். சோதிக்கப்பட்ட பொருள்மீதே ஐயம் இருந்தால் முடிவினால் பயன் என்ன? இத்தகைய மாதிரிகளைக் கையாளும் முறை குறித்து நாடு முழுமைக்குமான விதிமுறைகளையும் அத்தீர்ப்பில் நீதிமன்றம் வகுத்தது.

இம்மூன்று வழக்குகளிலும் தண்டிக்கப்பட்டோர் வெவ்வேறு சமூகத்தினர். ஒப்புதல் வாக்குமூலம், பிழையான அடையாளம், கவனமற்ற தடயவியல் எனப் பிழையின் வடிவம் வேறுபடுகின்றது. கொடிய குற்றத்தைக் கண்டு பொதுமக்கள் கொதிக்கும்போது விரைவில் யாரையேனும் பிடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடி காவல்துறைக்கு ஏற்படுகின்றது. அந்நெருக்கடியின் முன் எளிதில் அகப்படுபவர்கள், தமக்காக வாதாட ஆளற்றவர்களே.

திருத்திக்கொள்ள எத்தனை வாசல்கள்?

பிழை நேரக்கூடும் என்பதை நம் சட்டமும் அறியும். ஆகவேதான் மேல்முறையீடு என்ற ஏற்பாடு உள்ளது. அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்தால் உயர்நீதிமன்றத்தில் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மரண தண்டனையாயின் 30 நாட்கள். அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை, உயர்நீதிமன்றம் உறுதி செய்யும்வரை நிறைவேற்றப்படக் கூடாது. சிறையில் இருப்பவர் வழக்கறிஞர் இல்லாமலேயே, சிறை அதிகாரி வழியாகத் தம் மேல்முறையீட்டை அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு.

உயர்நீதிமன்றத்திற்கு அடுத்தது உச்சநீதிமன்றம். அங்கும் தோல்வி அடைந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 137ஆம் பிரிவின்படி சீராய்வு மனு தாக்கல் செய்யலாம். இம்மனுக்களைப் பெரும்பாலும் நீதிபதிகள் தம் அறையிலேயே படித்து முடிவு செய்வர். வழக்கறிஞர் நேரில் வாதிட வாய்ப்பில்லை. மரண தண்டனை வழக்குகளில் மட்டுமேனும் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்று 2014இல் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. நாசிக் வழக்கின் ஆறு பேருக்கும் வாழ்வளித்தது இந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட வழிதான். வாய்மொழி வாதத்திற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதா இல்லையா என்பதில் மனித உயிர் ஊசலாடுகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சீராய்வும் தள்ளுபடியானால் எஞ்சியிருப்பது, 2002இல் உச்சநீதிமன்றம் தானே உருவாக்கிய குறைதீர்ப்பு மனு. இது வெற்றி பெறுவது மிக அரிது. நொய்டா அருகே நிதாரியில் நிகழ்ந்த கொலைகள் தொடர்பான ஒரு வழக்கில் சுரேந்திர கோலி என்பவரின் மரண தண்டனையை 2011இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2014இல் சீராய்வு மனு தள்ளுபடியானது. 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இதற்கிடையில், ஒரே வகையான வாக்குமூலத்தையும் தடயங்களையும் கொண்ட மற்ற வழக்குகளில் அவர் விடுவிக்கப்பட்டார். மற்ற வழக்குகளில் நம்பத்தகாததாகிவிட்ட சான்று ஒரு வழக்கில் மட்டும் எப்படிச் செல்லும் என்ற கேள்வி எழுந்தது. 2025 நவம்பரில் குறைதீர்ப்பு மனுவை ஏற்று உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்த வாசலும் அடைபட்டபின் புதிய சான்று கிடைத்தால் எங்கே செல்வது? குற்றவியல் தீர்ப்பில் கையெழுத்திட்டபின், எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் அந்நீதிமன்றம் திருத்த முடியாது என்பது பொதுவிதி. பழைய வழக்கைத் தோண்டி எடுத்து ஆராயும் தனி அமைப்பு எதுவும் நம் நாட்டில் இல்லை. ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ கருணை மனு அளிப்பதுதான் மிச்சம். கருணை மனு ஏற்கப்பட்டால் தண்டனை நீங்கும் அல்லது குறையும். தீர்ப்போ அப்படியே நிற்கும். குற்றமே செய்யாதவர் மன்னிப்புக்குக் கையேந்தி நிற்கும் நிலை இது. யூசுஃப் நபி ஏற்க மறுத்தது இத்தகைய விடுதலையைத்தான்.

பிற நாடுகள் கண்ட வழி

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டு பர்மிங்காம் நகர மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தனர். அயர்லாந்தைச் சேர்ந்த ஆறு பேர் மறு ஆண்டே ஆயுள் தண்டனை பெற்றனர். 16 ஆண்டுகள் கழித்து 1991இல் அவர்களின் தண்டனை ரத்து செய்யப்பட்டது. அக்காலத்தில் வெளிவந்த இத்தகைய வழக்குகள் அந்நாட்டின் மனசாட்சியை உலுக்கின. அரசு ஓர் உயர்நிலை விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையின் பயனாக, குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் 1997இல் செயல்படத் தொடங்கியது. மேல்முறையீட்டு வழிகள் முடிந்துபோனவரும் கட்டணமின்றி அதனிடம் விண்ணப்பிக்கலாம். காவல்துறை முதலிய அரசு அமைப்புகளிடமிருந்து ஆவணங்களைப் பெற அதற்கு அதிகாரம் உண்டு. தண்டனை நிலைக்காது என்பதற்கு உண்மையான வாய்ப்பு இருப்பதாகக் கண்டால் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு அது அனுப்புகின்றது.

அமைப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அதே நாடு சான்று. ஆண்ட்ரூ மால்கின்சன் என்பவர் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2004இல் தண்டிக்கப்பட்டார். வேறொரு ஆணின் மரபணுத் தடயம் இருப்பது 2007லேயே தெரிந்திருந்தது. எனினும் அந்த ஆணையம் அவருடைய விண்ணப்பத்தை இருமுறை நிராகரித்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அவர் முன்னதாகவே வெளிவந்திருக்கக் கூடும். அவர் அதற்கு இணங்கவில்லை. 17 ஆண்டுகள் சிறையில் கழித்தபின், 2023இல்தான் அவர் நிரபராதி என்பது நிலைநாட்டப்பட்டது. அதுவரை அந்நாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. சிறையில் இருந்தபோது உணவுக்கும் உறைவிடத்திற்கும் செலவு மிச்சமானது என்று கூறி, இழப்பீட்டிலிருந்து ஒரு தொகையைக் கழித்துவந்தனர். மால்கின்சன் வழக்கால் எழுந்த கண்டனத்திற்குப் பின் 2023இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. ஆயினும் இழப்பீடு பெற வேண்டுமாயின், தாம் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்பதை ஐயத்திற்கு இடமின்றிப் புதிய சான்று காட்ட வேண்டும் என 2014இல் கொண்டுவரப்பட்ட கடும் நிபந்தனை அங்கே பலருக்குத் தடைக்கல்லாக இருந்துவருகின்றது.

ஜப்பானில் ஹகமடா இவாவோ என்பவருக்கு 1968இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மறுவிசாரணைக்கு உத்தரவான பின் அவர் வெளியே வந்தார். 2024 செப்டம்பரில் நிரபராதி எனத் தீர்ப்பாயிற்று. முக்கியச் சான்றாகக் காட்டப்பட்ட உடைகள் புனையப்பட்டவை என்று நீதிமன்றம் கூறியது. 2025இல் அவருக்கு 21 கோடியே 70 இலட்சம் யென்னுக்கும் மேல் இழப்பீடு அளிக்கப்பட்டது. சிறையில் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் 12,500 யென் என்ற சட்டப்படியான உச்ச அளவில் அது கணக்கிடப்பட்டது. ஜெர்மனியில் 2020 முதல், பணத்தால் அளவிட முடியாத துன்பத்திற்கு மட்டும் நாளொன்றுக்கு 75 யூரோ என்பது விதி. இந்தத் தொகைகள் போதுமா என்பது வேறு கேள்வி. அங்கே ஒரு கணக்கு இருக்கின்றது. அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. நிரபராதி யாரிடமும் இரந்து நிற்க வேண்டியதில்லை.

நீதிபதி தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வியை இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். ஐயம் எழுந்தால் ஹத்து தண்டனையை நிறுத்திவிட வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. தண்டனை நிறைவேறிய பின் தீர்ப்பு பிழையானது எனத் தெரிந்தால், நீதிபதி மனமறிந்து அநீதி செய்யாதவரை இழப்பை பைத்துல்மால் ஏற்க வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. அதற்கான காரணமும் தெளிவானது. நீதிபதி தமக்காகத் தீர்ப்பளிக்கவில்லை. சமுதாயத்தின் சார்பில் தீர்ப்பளிக்கின்றார். ஆகவே சமுதாயத்தின் பொதுநிதியே அதற்குப் பொறுப்பு.

நம் நாட்டில் இழப்பீடு

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றங்களும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைத் துணையாகக் கொண்டு சில வழக்குகளில் இழப்பீடு வழங்கியுள்ளன. இதற்கு வழிகாட்டியது 1983ஆம் ஆண்டின் ருதுல் ஷா வழக்கு. பீகாரில் 1968இல் விடுதலைத் தீர்ப்பு பெற்ற அவர், 1982வரை பதினான்கு ஆண்டுகள் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அரசு முன்னர் அளித்த 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

அதன்பின் வந்த தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1994இல் உளவு வழக்கில் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் உச்சநீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2020இல் கேரள அரசு மேலும் 1 கோடியே 30 இலட்சம் வழங்கியது. அது முற்றிலும் நியாயமானது. பதினாறு ஆண்டுகள் சிறையில், அதில் பெரும்பகுதி தூக்குக் கயிற்றின் நிழலில் வாழ்ந்த நாசிக் தொழிலாளர்களுக்கு 2019இல் ஆளுக்கு 5 இலட்சம் ரூபாய். அக்ஷர்தாம் வழக்கில் விடுவிக்கப்பட்டோர் இழப்பீடு கோரியபோது, 2016இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. விடுதலை பெற்றவர்க்கெல்லாம் இழப்பீடு என்றால் அது தவறான முன்னுதாரணமாகிவிடும் என்பது அதன் கருத்து.

2007ஆம் ஆண்டு ஹைதராபாத் மக்கா மஸ்ஜிதில் குண்டு வெடித்தபின் முஸ்லிம் இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர், பின்னர் விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்கு அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு இழப்பீடு வழங்கியது. அந்த அரசாணையை 2013இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு மனமுவந்து கொடுத்ததும் நிலைக்கவில்லை. சட்டத்தின் அடித்தளம் இல்லாத இடத்தில் நல்லெண்ணமும் நெடுங்காலம் நிற்காது.

எழுதப்பட்ட சட்டத்தில் என்ன இருக்கின்றது? காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தவர், கைது செய்யப்பட்டவருக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல் இழப்பீடு தர வேண்டும் என்று ஒரு பிரிவு உள்ளது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அதே 1,000 ரூபாய்தான். தீய நோக்கத்துடன் வழக்குத் தொடுத்ததற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் நட்ட ஈடு கோரலாம். ஆனால் அதனை ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்குத் தொடுத்தவரின் தீய நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். சிறையிலிருந்து வெறுங்கையுடன் வெளிவந்தவர் முதல் ஓராண்டில் வேலை தேடுவாரா, வழக்கறிஞரைத் தேடுவாரா?

ஏட்டில் உறங்கும் பரிந்துரை

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது. இறுதித் தீர்ப்பால் தண்டிக்கப்பட்டவர் பின்னர் புதிய உண்மையால் நிரபராதி எனத் தெரியவந்தால், சட்டப்படி அவருக்கு இழப்பீடு அளிக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் 14ஆம் பிரிவு. அதற்கான சட்டத்தை இயற்றுவது குறித்து ஆராயுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2017இல் சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 2018 ஆகஸ்டில் ஆணையம் தன் 277ஆவது அறிக்கையை அளித்தது.

மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றங்கள் அமைத்து இழப்பீட்டு மனுக்களைக் காலவரையறைக்குள் முடிக்க வேண்டும் என்று அது கூறியது. பணத்துடன் மனநல ஆலோசனை, தொழிற்பயிற்சி முதலிய உதவிகளும் தரப்பட வேண்டும். கல்விக்கும் வேலைக்கும் பழைய வழக்கு தடையாக இருக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. சட்ட வரைவையே அது எழுதிக் கொடுத்தது. 2023இல் முதன்மையான குற்றவியல் சட்டங்கள் புதிதாக எழுதப்பட்டபோது இந்தப் பரிந்துரைக்கு இடம் கிடைக்கவில்லை.

அவ்வறிக்கையிலும் ஒரு குறை உண்டு. காவல்துறையோ அரசுத் தரப்போ தீய நோக்குடனோ நன்னம்பிக்கை இன்றியோ செயல்பட்டதாக நிறுவினால்தான் அதன்படி இழப்பீடு கிடைக்கும். கவனக்குறைவினால் ஒருவர் பத்தாண்டுகளை இழந்தால் என்ன செய்வது? சிறைப்பட்டவரின் இழப்பு, அதிகாரியின் நோக்கத்தைப் பொறுத்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. சுருளி அருவி வழக்கின் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் இப்பிரச்சினையைத் தொட்டது. பொய்த் தண்டனைக்கான இழப்பீட்டைச் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று அது விட்டுவிட்டது.

இத்தகைய சட்டம் வந்தால் காவல்துறையின் ஊக்கம் குன்றிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நேர்மையான அதிகாரிக்கு இச்சட்டத்தால் தீங்கில்லை. இழப்பீட்டைத் தருவது அரசு. தன் கருவூலத்திலிருந்து பணம் செல்வதைக் காணும் அரசு, புலனாய்வின் தரத்தை உயர்த்தவே முற்படும். சான்று போதாமையால் விடுதலை பெறும் குற்றவாளியும் இழப்பீடு பெற்றுவிடுவானே என்பது மற்றோர் ஐயம். இது நியாயமான கவலைதான். யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு என்பதைத் தெளிவாக வரையறுப்பதுதான் அதற்கான மருந்து. வரையறுப்பது கடினம் என்பதற்காக ஒருவருக்கும் உரிமை இல்லை என்பது தீர்வாகாது.

நம்முடைய கடமை

சகோதரர்களே! சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சிறையில் இருப்பவர் எவராயினும், வருமானத்தைப் பாராமல், இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கின்றது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான ஆணைக்குழு இயங்குகின்றது. இந்தச் செய்தி பல ஏழைக் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மேல்முறையீட்டுக்கான 60 நாட்கள் அழுகையிலும் அலைச்சலிலும் கழிந்துவிடுகின்றன. தீர்ப்பின் நகலைப் பெறுதல், சாட்சிகளின் வாக்குமூலங்களைச் சேகரித்து வைத்தல், காலக்கெடுவை நினைவூட்டுதல் ஆகிய உதவிகளைச் செய்ய ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர் சிலர் முன்வந்தால் போதும். நாசிக் வழக்கில் முதல் சில நாட்களின் ஆவணமொன்றே பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஆறு உயிர்களைக் காத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விடுதலையாகி வருபவரை ஏற்றுக்கொள்வது அடுத்த கடமை. குடும்ப அட்டை முதல் வங்கிக் கணக்குவரை அவர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். வாடகைக்கு வீடு தரத் தயங்குகின்றோம். வேலை தர அஞ்சுகின்றோம். அவர் வீட்டுப் பெண்ணுக்கு மணம் பேச யோசிக்கின்றோம். நீதிமன்றம் நீக்கிய களங்கத்தை நாம் மீண்டும் சுமத்துகின்றோம். அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்ப்பதும் தகாது. நம்மவருக்கு நேர்ந்தால் அநீதி, பிறருக்கு நேர்ந்தால் செய்தி என்ற மனநிலை இருக்கும்வரை நீதியைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு இல்லை.

உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்கும் அதே உரிமையுடன் இதையும் கேளுங்கள்: சட்ட ஆணையத்தின் 277ஆவது அறிக்கை எப்போது சட்டமாகும்? தண்டிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தவர்கள் மக்களாகிய நாம். அவ்வதிகாரம் நிரபராதியின்மீது பாய்ந்துவிட்டால், அவரைத் தேடிக் கண்டறிந்து, பெயரைத் துடைத்து, இழந்ததை ஈடுசெய்யும் கடனும் நம்முடையதே.